அக்காவுக்கு ஆகாத பிரிண்டர்

அக்கா,

இன்று காலை பிரிண்டரின் மூடியைத் திறந்ததும் சூடான மை வாடை வந்தது. உங்கள் முந்தானையில் எப்போதும் இருந்த வாடை. மூடியைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். மெக்கானிக் தம்பி, "செத்த தள்ளுங்கக்கா, உள்ள பாக்கணும்" என்ற பிறகுதான் நகர்ந்தேன்.

இந்த பேண்டேஜ் கம்பெனியில் நாம் எதிரெதிரே உட்கார்ந்திருந்த காலம் முழுக்க அது உங்கள் மேஜை மேல்தான் இருந்தது. கார்பன் வைத்த மூன்று தாளிலும் ஒரே அடியில் எழுத்து விழும் என்பதால் முதலாளி அண்ணாச்சி அதை மாற்றச் சம்மதிக்கவே இல்லை. ஆனால் தாளை ஒரு பக்கமாக இழுக்கும். பில்லுக்காக வாசலில் லாரி நிற்கும், டிரைவர் கதவருகே முனகுவார், நீங்கள் ஒரு கையால் தாளைப் பிடித்துக்கொண்டு மிஷினைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். புதிது வாங்க வேண்டும் என்பது உங்கள் கட்சி. ரிப்பேர் பார்த்தால் போதும் என்பது என் கட்சி.

"ஏட்டி, அது மேல அம்புட்டு பாசம்னா ஒம் மேசைக்குத் தூக்கிட்டுப் போ. பக்கத்துல வச்சுத் தாலாட்டு" என்பீர்கள். நான் தூக்கிப் போனதில்லை.

ஆயுத பூஜைக்கு அதைத் துடைத்துச் சந்தனம் வைப்பதும் நீங்கள்தான். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர், "பொட்டு வச்சாவது புத்தி வருதான்னு பாப்போம்" என்று சொல்லிக்கொண்டே வைப்பீர்கள். பார்த்தவர்கள் அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டார்கள் போல. நீங்கள் போன பிறகு அது 'அக்கா மிஷின்' ஆகிவிட்டது. இந்த ஆயுத பூஜைக்குப் பெரிய மாலை அதற்குத்தான்.

உங்கள் முப்பதாம் நாள் ஜெபத்துக்கு மறுநாள் ஆபீஸ் முழுக்கப் பால்கோவா கொடுத்தார்கள். "அக்காவுக்கு ரொம்பப் பிடிக்கும்லா?" என்றார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே பிறந்து வளர்ந்த உங்களுக்கு அந்த வாடையே ஆகாது. பஸ்ஸில் பக்கத்துச் சீட்டில் யாராவது டப்பாவைத் திறந்தால் எழுந்து, இராஜபாளையம் வரை நின்றுகொண்டே வருவீர்கள். அன்று நானும் வாங்கித் தின்றேன்.

மெக்கானிக் தம்பி உள்ளே பார்த்துவிட்டு நிமிர்ந்தான். "பிரிண்ட் ஹெட்டு போயிட்டுக்கா. மதுரையில பழைய ஹெட்டு ஒண்ணு கெடக்கு. போட்டா கொஞ்ச நாள் ஓடும். எங்கிட்ட கேட்டா, புதுசு வாங்கிருங்க."

"அதெல்லாம் வேண்டாம்ப்பா, பழச மாட்டிப் போடு" என்றார் அண்ணாச்சி. "அவிய மிஷினு அது. அவிய ஞாபகமா இருக்கட்டும். என்னம்மா சொல்லுதீங்க?"

எனக்கும் இருக்கட்டும் என்றுதான் இருந்தது. அந்தச் சத்தம் கேட்டால் எதிரே நீங்கள் இருப்பதுபோல இருக்கும். தலையாட்டியிருந்தால் எல்லோருக்கும் திருப்திதான். ஆனால் அது மாலையோடு அங்கே இருக்க இருக்க, அதைக் கொஞ்சி வைத்திருந்த வேறு யாரோ ஒருத்தியாக நீங்கள் மாறிக்கொண்டே போவீர்கள்.

"அண்ணாச்சி, அக்காவுக்கு இதக் கண்டாலே ஆகாது. புதுசே வாங்கிருவோம்" என்றேன்.

அவர் நம்பவில்லை. "இத்தன வருசமா அது கூடத்தானம்மா மல்லுக்கட்டுனாவ?"

"ஆமா அண்ணாச்சி. மல்லுதான் கட்டுனாவ."

மிஷினைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்கிட்ட எத்தன தடவ புதுசு கேட்டிருப்பாவ" என்று சொல்லி மெக்கானிக்கிடம் தூக்கிப் போகச் சொன்னார். உங்கள் கட்சி ஜெயித்துவிட்டது அக்கா. என் ஓட்டும் சேர்ந்து.

உங்களுக்குப் பிடித்ததெல்லாம் இங்கே எல்லோரும் சொல்கிறார்கள், பாதி தப்பாக. பிடிக்காதவை என்னிடம் இருக்கின்றன. ஆடை மிதக்கும் டீ. வழியனுப்ப வந்து பஸ் கிளம்பும்வரை நிற்பவர்கள். ஆஸ்பத்திரியில் பார்க்க வந்த ஒவ்வொருவரும் சொன்ன 'பாவம்'.

சாயங்காலம் பேக்கிங்கில் இருக்கும் பெண் ஒருத்தி வந்து உங்கள் காலி மேஜையைப் பார்த்தாள். "பாவம், நல்ல மனுசி" என்றாள்.

"நல்ல மனுசிதான். பாவம்னு மட்டும் சொல்லாத. அவியளுக்குக் கோவம் வரும்" என்றேன்.