தேக்கு அலமாரி திரும்பி வந்தது

செப்டம்பர் 14, சனி
ஸ்ரீவில்லிபுத்தூர் மாமியார் வீட்டிலிருந்து என் தேக்கு அலமாரி வந்துவிட்டது, விவாகரத்து முடிந்து ஏழு மாதம் கழித்து. கல்யாணத்துக்கு என்னைப் பெற்ற அத்தா செய்து கொடுத்தது. அந்த வீட்டில் அதைக் கொல்லையில் போட்டு, மேலே ஈரச் சாக்கு அடுக்கியிருக்கிறார்கள். போதாததற்குச் சாக்லேட் நிற ஆயில் பெயின்ட் வேறு. தேக்குக்கு எதற்குப் பெயின்ட்?

இங்கே ராஜபாளையத்தில், அண்ணன் வீட்டு ஹாலில் இறக்கியிருக்கிறது. அம்மா சுற்றிப் பார்த்துவிட்டு, "வந்த வெலைக்குத் தள்ளிரு ரமீஜா. அடுத்த எடத்துக்குப் புதுசு வாங்கிக்கிடலாம்" என்றாள்.

அடுத்த இடமாம்.

செப்டம்பர் 22, ஞாயிறு
மில் ஆபீஸ் லீவு. பெயின்ட் ரிமூவர் தடவித் தகட்டால் சுரண்டினேன். ஒரு கதவுக்கே நாலு மணி நேரம். கை எரிகிறது. மேல் பலகையில் கருப்பாக ஒரு வட்டம். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தும் போகவில்லை.

அக்டோபர் 6
இன்னும் சுரண்டல்தான்.

அக்டோபர் 17, வியாழன்
நாளை கான்சாபுரத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வருகிறார்களாம். எனக்கே இன்று காலையில்தான் தெரியும். "அதுக்குள்ள இத முடி, இல்ல வெளிய தள்ளு" என்கிறாள் அம்மா. வெளியே மூன்று நாளாக மழை. சாயங்காலம் அவசர அவசரமாகப் பாலீஷ் அடித்தேன். ஒரு மணி நேரத்தில் முழுக்க வெள்ளை படர்ந்துவிட்டது. நாலு வார வேலை — போச்சு. எல்லாம் போச்சு. உட்கார்ந்து அழுதேன். அலமாரிக்காகத்தானா? தெரியல.

அக்டோபர் 19
பெயின்ட் கடை வைகுண்டராஜ் அண்ணாச்சியிடம் கேட்டேன். "மழை ஈரத்துல அடிச்சா வெளுக்கத்தாம்மா செய்யும். ஸ்பிரிட் போட்டுத் தொடச்சு எடுத்துட்டு, வெயில் வார வரைக்கும் பொறுங்க. என்ன அவசரம்?"

வீட்டில் ஒருத்தரும் இப்படிக் கேட்டதில்லை.

நேற்று வந்தவர்களிடம் வேண்டாம் என்று சொல்லிவிடச் சொன்னேன். அம்மா என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள்.

நவம்பர் 24, ஞாயிறு
நல்ல வெயில். துணியில் தொட்டு, மெல்லிசாக ஐந்தாவது பூச்சு முடிந்தது. மர ரேகை தெரிகிறது. கருப்பு வட்டம் போகவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும், சலித்துவிட்டது.

அம்மா இன்னும் பேசவில்லை. மில் பக்கத்தில் வீடு பார்த்திருப்பதை அண்ணனிடம் மட்டும் சொன்னேன்.

டிசம்பர் 15, ஞாயிறு
ராஜபாளையத்திலேயே, வாடகை வீடு. அலமாரியை நாலு பேர் தூக்கி வைத்துவிட்டுப் போனார்கள். செத்த நேரத்தில் ஆட்டோவில் அம்மா வந்து இறங்கினாள், தன் சேலைகளைத் திணித்த பையோடு. நான் என் சேலைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்றாள்.

"நடுத்தட்ட விட்டுருட்டி," என்றாள். "எனக்குக் குனிய முடியாது."