கயிறு தராமல் விற்ற டிவி

போன செவ்வாய்க்கிழமை பழைய சாமான் கடையில் ஒரு ரிமோட்டைப் பார்த்தேன். பார்த்த இடத்திலேயே எனக்குக் கோபம் ஏறியது. நீ வேலை பார்த்த தீப்பெட்டி ஆபீஸ் முதலாளியின் வீட்டை இடிக்கிறார்கள். பிள்ளைகள் சென்னைக்குப் போய்விட்டார்கள், இடத்தை விற்றாயிற்று. நிலைக்கதவு, ஜன்னல் கம்பி, ஓட்டை அண்டா எல்லாம் வண்டி வண்டியாக வந்து இறங்கிக் கிடந்தன. நடுவில் ஒரு தகர டப்பா. அதற்குள் பாலித்தீன் கவரில் சுற்றி, மேலே மஞ்சள் குங்குமம் வைத்து, நீ அவர்களிடம் வாங்கிய அந்த ஜப்பான் டிவியின் ரிமோட். உள்ளே பேட்டரி ஒழுகி வெளுத்துப் போயிருந்தது.

"அது எந்த டிவிக்கும் சேராது அண்ணாச்சி, வேணும்னா சும்மா எடுத்துக்கிடுங்க" என்றார் கடைக்காரர். எந்த டிவிக்குச் சேரும் என்று எனக்குத் தெரியும். அந்த டிவியும் இப்போது இல்லை. நீ போய்ச் சேர்ந்தும் ஆறு வருஷம் ஆகிறது. இதை உன்னிடம் நேரில் சொல்லியிருந்தால் நீ சிரித்திருப்பாய். அந்தச் சிரிப்பு எனக்கு அப்போதே பிடிக்காது.

உன்னை மாதிரிக் கோபமே வராத மனுஷனை நான் பார்த்ததில்லை. வர வேண்டிய ஆள் நீதான். நம் ஊரில் ஹாக்கி மட்டையைப் பிடித்தவனுக்கெல்லாம் ஒரு நம்பிக்கை உண்டு, நன்றாக ஆடினால் யாராவது கூப்பிட்டு வேலை கொடுப்பார்கள் என்று. நீ ஃபுல் பேக். உன்னைத் தாண்டிப் பந்து போகாது என்று எதிர் டீம்காரனே சொல்வான். வேலை கொடுக்கிறவர்கள் ஆள் பார்க்க வந்திருந்த அன்றைக்குத்தான் பந்து எகிறி உன் இடது கண்ணில் அடித்தது. அந்தக் கண்ணோடு மட்டையும் போயிற்று, வேலையும் போயிற்று. தீப்பெட்டி ஆபீஸில் பண்டல் கட்டப் போனாய். நான் ஆட்டம் வராதவன், உங்களுக்குத் தண்ணீர் தூக்கியவன். நானோ கேபிள் டிவி நடத்தி நாலு காசு பார்த்தேன். இதில் என்ன நியாயம் இருக்கிறது என்று நான்தான் கேட்டுக்கொண்டிருந்தேன், நீ கேட்டதேயில்லை.

நாற்பது வயசைத் தாண்டியதும் வலது கண்ணும் மங்க ஆரம்பித்தது. திருநெல்வேலிக்கு உன்னோடு நானும் வந்தேன். கண்ணுக்குள் பிரஷர் ஏறி நரம்பு வற்றிக்கொண்டு வருகிறது, சொட்டு மருந்து விட்டால் கொஞ்சம் தள்ளிப் போகும், நிற்காது என்றார் டாக்டர். வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் டீ குடித்தோம். நீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாய்: "கண்ணு போறதுக்குள்ள இந்தியா ஆடுறத ஒரு மட்டம் பந்தோட பாத்துரணும் மாப்ளே."

பந்தோடு பார்ப்பது. அவ்வளவுதான் உன் ஆசை. உன் வீட்டுப் பதினாலு இஞ்ச் டிவியில் கிரிக்கெட் பந்தே சந்தேகம், ஹாக்கிப் பந்துக்கு எங்கே போவது? பதினோரு பேர் இந்தப் பக்கமும் பதினோரு பேர் அந்தப் பக்கமும் வெறும் கம்பை வைத்துக்கொண்டு ஓடுவார்கள். "பந்தே இல்லாம எம்புட்டு அழகா ஆடுதானுவ பாரு" என்று நீ கேலி பேசுவாய். உன் வீட்டுக்காரி சிரிக்க மாட்டாள்.

பெரிய டிவி புதிதாக வாங்க உனக்கு வழியில்லை. கையில் இருந்தது ஒரு சீட்டுப் பணம். அதற்குள் அடங்கும் பழைய டிவியாக, ஆனால் நல்ல பிக்சர் டியூப்பாகத் தேடுவோம் என்று நான்தான் கிளம்பினேன். கழுகுமலையில் ஒன்று பார்த்தோம், படத்தின் மூலையில் பச்சைக் கறை. கயத்தாறில் ஒரு கடைக்காரர் நாம் போகும் முன்னாலேயே டிவியைப் போட்டுச் சூடாக்கி வைத்திருந்தார். நான் முதுகைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அணைச்சிருங்க அண்ணாச்சி, ஆறட்டும்" என்று உட்கார்ந்துவிட்டேன். ஆறிப்போன டிவியைப் போட்டால்தான் கிழட்டு டியூப்பின் வண்டவாளம் தெரியும். அதில் படம் வந்து சேர்வதற்குள் நாம் ஒரு டீ குடித்திருக்கலாம். எனக்கு இந்தத் தொழிலில் அவ்வளவு பெருமை இருந்தது.

அப்போதுதான் உன் முதலாளி வீட்டில் சுவரில் மாட்டுகிற டிவி வாங்கப் போகிறார்கள், பழையதைக் கொடுத்துவிடப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டோம். இருபத்தொன்பது இஞ்ச், ஜப்பானிலேயே செய்தது, நாலு ஆள் தூக்குகிற கனம். காலையிலேயே போனோம். டிரைவர் ரிமோட்டை அமுக்கியதும் நான் எண்ண ஆரம்பித்தேன், நாலு எண்ணுவதற்குள் படம் வந்துவிட்டது. கறுப்பு என்றால் கரிசல் மண் மழையில் நனைந்த கறுப்பு. தூர்தர்ஷனில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. நீ கிட்டே போய்க் குனிந்து நின்றாய். "ஏலே, பந்துல போட்டிருக்க தையலு தெரியுதுடே" என்றாய். அந்த வீட்டுத் தரையில் செருப்பில்லாமல் நின்றுகொண்டு நீ அப்படிச் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

டியூப் பார்த்தேன், ஸ்பீக்கர் பார்த்தேன், பின்மூடியைக் கழற்றிக்கூடப் பார்த்தேன். ரிமோட் கூட வருமா என்று கேட்கவில்லை. அதைக் கேட்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? முதலாளி சொன்ன விலைக்கு நீ பேரம் பேசாமல் பணத்தைக் கொடுத்தாய். வண்டியில் ஏற்றி, மெத்தையைச் சுற்றிக் கட்டிய பிறகுதான் நான், "ரிமோட்டு எங்கம்மா?" என்றேன்.

வாசலில் நின்ற முதலாளியம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மாட்ட வித்தா கயித்தையுமா சேத்துக் குடுப்பாக தம்பி? இந்த டிவி வந்த வருஷந்தான் ரெண்டாவது ஆபீஸ் ஆரம்பிச்சோம். ராசியான பொருளு. கயிறு எங்ககிட்ட இருக்கட்டும்."

நான் வாயைத் திறப்பதற்குள் நீ, "அதுவும் சரிதாம்மா" என்றுவிட்டாய்.

வண்டியில் வரும்போது உன்னைத் திட்டித் தீர்த்தேன். ஒரு கையால் டிவியைப் பிடித்துக்கொண்டு நீ பொறுமையாகச் சொன்னாய்: "புதூர்ல எங்க அய்யா எத்தன மாடு வித்திருப்பாவ. ஒரு மாட்டுக்காச்சும் கயிறு குடுத்திருப்பாவளா? குடுத்தா வீட்டுல இருக்க லட்சுமி கூடவே போயிரும்பாவ. வாங்குதவன்தான் புதுக் கயிறு கொண்டாரணும். அதக் கேக்கக் கூடாதுடே."

கேட்கக் கூடாதாம். உன் அய்யா விற்ற மாட்டுக்கு எந்தக் கடையிலும் கயிறு கிடைக்கும். இந்த மாட்டுக்குக் கயிறு திரிக்கிறவன் ஜப்பானில் அல்லவா இருந்தான்! டிவியின் முகத்தில் இருந்ததே நாலைந்து பொத்தான். அந்த வீட்டில் பதிந்து வைத்திருந்த சேனல்களை மேலும் கீழும் மாற்றலாம், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கலாம், அவ்வளவுதான். நாடகம் வந்தது, சாமிப் பாட்டு வந்தது, தூர்தர்ஷன் வந்தது. ஹாக்கி காட்டுகிற விளையாட்டுச் சேனலை அவர்கள் பதியவே இல்லை. புதிதாகப் பதிய ரிமோட் வேண்டும். மதுரை வரை போய் எல்லா டிவிக்கும் சேரும் என்ற ரிமோட்டுகளை வாங்கி வந்தேன். ஒன்றும் சேரவில்லை. மெக்கானிக் பின்மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "இதுல கை வச்சா நான் பொறுப்பில்ல" என்று திரும்ப மாட்டினார்.

உனக்குத் தெரியாமல் அந்த வீட்டுக்கு மூன்று தடவை போனேன். ஒரு மணி நேரம் இரவல் கொடுங்கள், சேனலைப் பதிந்துவிட்டு நானே கொண்டுவந்து தருகிறேன் என்றேன். முதல் தடவை, "வெளக்கு வைக்கிற நேரத்துல வந்து கேக்கீங்களே." இரண்டாம் தடவை, "இன்னைக்கு வெள்ளிக்கிழமையில்லா?" மூன்றாம் தடவை செவ்வாயும் இல்லை வெள்ளியும் இல்லை, பட்டப்பகல். அன்றைக்கு அந்த அம்மா சிரித்துக்கொண்டே, "நம்ம கட்டடத்து மாடியிலதான பொழைக்கீங்க? இதெல்லாம் ஒங்களுக்குத் தெரியாததா தம்பி?" என்றார். நான் படியிறங்கினேன். என் கேபிள் கண்ட்ரோல் ரூம் இருந்தது அவர்கள் கட்டடத்தின் மாடியில்.

பங்குனியில் ஹாக்கிப் போட்டி வந்தது. இந்தியா ஐந்து ஆட்டம் ஆடியது. நீ பதினாலு இஞ்ச் டிவியை அந்த ஜப்பான் டிவியின் தலைமேல் தூக்கி வைத்து, கீழே உட்கார்ந்து காதால் கேட்டுக்கொண்டிருந்தாய். உன் கண்ணில் அப்போது வெளிச்சம் இருந்தது. பஸ்ஸின் போர்டைக் கிட்டே போனால் படித்துவிடுவாய். ஐந்து ஆட்டமும் அப்படியே போயிற்று.

இனி நான் சொல்லப்போவதற்கு நீ என்னைத் திட்டியிருக்க வேண்டும். கண்ட்ரோல் ரூமில் ஒவ்வொரு சேனலுக்கும் ஒரு பெட்டி உண்டு. விளையாட்டுச் சேனலின் ஒயரைப் பிடுங்கி நாடகச் சேனலின் பெட்டியில் குத்தினால், நாடகம் வருகிற நம்பரில் ஹாக்கி வரும். உன் வீட்டிலும் வரும், ஊரெல்லாம் வரும். இரண்டு நிமிஷ வேலை. இது எனக்குப் பங்குனியிலேயே தெரியும். ஐந்து ஆட்டத்துக்கும் நான் அந்த ஒயரைப் பார்த்தபடியேதான் உட்கார்ந்திருந்தேன். ஊர்க்காரர்கள் கத்துவார்கள் என்று பயப்படவில்லை. மாடி போய்விடும் என்று பயந்தேன். அந்த அம்மா மேல் இத்தனை வருஷமாகப் பல்லைக் கடிக்கிறேனே, அவருக்காவது லட்சுமி போய்விடும் என்று ஒரு நம்பிக்கை இருந்தது. எனக்கு என்ன இருந்தது? சுத்தமான கோழைத்தனம். நீயும் கேபிள்காரனின் சிநேகிதன்தானே, ஒரு நாள்கூட, "மாப்ளே, ஏதாச்சும் பண்ணேன்" என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் பண்ணியிருப்பேனோ என்னவோ. கேட்காமல் விட்டதற்கும் உன்மேல் எனக்குக் கோபம் உண்டு.

கார்த்திகையில் பாகிஸ்தானோடு ஆட்டம் வந்தது. அதற்குள் சொட்டு மருந்தை இரண்டு தடவை மாற்றியிருந்தார்கள். நீ சைக்கிளை விற்றுவிட்டாய். அன்றைக்கு மத்தியானம் மாடிக்குப் போனேன், ஒயரைப் பிடுங்கினேன், குத்தினேன், பூட்டிவிட்டு உன் வீட்டுக்கு வந்தேன். உன் டிவியில் பச்சைப் பசேல் என்று மைதானம் விரிந்தது. நீ எழுந்து நின்றுவிட்டாய்.

பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, செல்போன் அடித்தது, உன் முதலாளியம்மா. "தம்பி, நாடகத்தக் காணோம். என்னமோ கம்பத் தூக்கிக்கிட்டு ஓடுதானுவ!"

"சேனல மாத்தணும்னா ரிமோட் வேணும்மா" என்று சொல்லி அணைத்துவிட்டேன். என் வாழ்க்கையில் நான் பேசிய ஒரே நல்ல பேச்சு அது.

நீ என்ன சொன்னாய்? "ஏலே, நாலு தெருப் பொம்பளைக தீப்பெட்டி ஒட்டிக்கிட்டே பாக்குத நாடகம்டே அது. அவிய என்ன பாவம் பண்ணினாவ? போயி மாத்திட்டு வா." நான் அசையவில்லை. நீயும் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. திரையிலிருந்து ஒரு முழ தூரத்தில் உட்கார்ந்தாய். நான் பின்னால் நின்றுகொண்டு கத்து கத்தென்று கத்தினேன். "ரைட்ல போகுதுடே, ரைட்ல! உள்ள தள்ளுதான் பாரு! கோல் கீப்பர் கால்ல பட்டுத் திரும்புது, அடி!" நீ என் கத்தலோடு கத்தலாகத் தொடையில் தட்டினாய். இரண்டாவது கோல் விழுந்தபோது உன் தோளைப் பிடித்து உலுக்கி, "பந்து தெரியுதா?" என்று கேட்டேன்.

"தெரியுது மாப்ளே, தையலோட தெரியுது" என்றாய்.

ஜெயித்தோம். அந்த "தெரியுது" ஒன்றை வைத்துக்கொண்டு பல வருஷம் நான் நிம்மதியாகத் தூங்கினேன். தை மாதம் மாடியைக் காலி பண்ணச் சொன்னார்கள். பண்ணினேன். பத்து நாளில் பக்கத்துத் தெருவிலேயே வேறு மாடி கிடைத்தது. இதற்கா பயந்தேன் என்று என் முகத்தில் நானே துப்பிக்கொள்ளலாம் போலிருந்தது.

உன் பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து எல்லாரும் போன பிறகு உன் வீட்டுக்காரியிடம் அந்த ஆட்டத்தைப் பற்றிப் பெருமையாகப் பேசிக்கொண்டிருந்தேன். நான் தங்கச்சி என்று கூப்பிடுகிறவள், அவள் என்னிடம் பொய் சொன்னதில்லை. காப்பி டம்ளரை எடுத்து ஓரமாக வைத்தாள். பிறகு, "அண்ணே, அன்னைக்கு அவியளுக்கு ஒண்ணுமே தெரியல. பச்சையா இருந்தது மட்டுந்தான் தெரிஞ்சுதாம். நீங்க கத்துனத வச்சுத்தான் பாத்தாவ. ஒங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னுட்டாவ" என்றாள்.

பங்குனிக்கும் கார்த்திகைக்கும் நடுவில் எட்டு மாதம். அந்த எட்டு மாதத்தை அந்த அம்மா பாதியும் நான் பாதியுமாகத் தின்றிருக்கிறோம். நீ எங்கள் இரண்டு பேரையும் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாய். உனக்கு வராத கோபத்தையெல்லாம் நான்தான் இங்கே வைத்துக்கொண்டு அல்லாடுகிறேன், அதில் பெரிய பங்கு என்மேலேயே.

இப்போதும் டிவியில் ஹாக்கி போட்டால் என் வாய் சும்மா இருப்பதில்லை. பந்து இடது பக்கம் இருக்கிறது, இவன் வாங்கிவிட்டான், அவனுக்குத் தள்ளுகிறான் என்று ஒன்று விடாமல் சத்தமாகச் சொல்லிக்கொண்டேதான் பார்க்கிறேன். வீட்டில் ஒவ்வொருவராக எழுந்து போய்விடுகிறார்கள். போகட்டும். பங்குனி ஆட்டம் ஐந்தும் உனக்கு நான் இன்னும் சொல்லி முடிக்கவில்லை.