இரண்டு முறை பிடித்துத் தைத்த இடுப்பு

அப்பா,

டீ குடித்துவிடாதீர்கள், தண்ணீரும் வேண்டாம்! வயிற்றுக்குள் கேமரா விட்டுப் பார்க்க இன்றைக்கே இடம் கிடைத்துவிட்டது, இப்போதுதான் போன் வந்தது! டோக்கன் வாங்க ஓடுகிறேன். ஒன்பது மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் நிற்பேன்.

நேற்று டாக்டரம்மாவைப் பார்த்துவிட்டு வந்து நான் சொன்னதை முழுதாகக் கேட்காமலே, “எட்டாவதோட நின்னவ டாக்டராயிட்டாளா?” என்று கத்தினீர்கள். இரண்டே வாயில் உங்களுக்கு வயிறு நிறைவது, மலம் கறுப்பாகப் போவது, தையல்காரர் நீங்களே உங்கள் பேன்ட் இடுப்பை இரண்டு முறை பிடித்துத் தைத்தது, எல்லாம் என் நோட்டில் தேதியோடு இருந்தன. டாக்டரம்மா படித்தார். “புண்ணாவும் இருக்கலாம், புற்றுநோயாவும் இருக்கலாம். சீக்கிரம் தெரிஞ்சா குணப்படுத்த வழி இருக்கு. யாரும்மா எழுதினது?” என்றார். “நான்தான்” என்று சத்தமாகச் சொன்னேன், அப்பா!

சாவியைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுங்கள்.

இன்னொன்று: பயமாக இருந்தால் எரிந்து விழாமல் பயப்படுங்கள். கையைப் பிடித்துக்கொள்ள நான் இருக்கிறேன்.