தின்றதெல்லாம் எங்கே போனது

அப்பா,

"எவ்ளோ தின்னாலும் உடம்புல ஒட்டவே மாட்டேங்குதே, எங்கதான் போகுதோ" என்று அலுத்துக்கொள்வீர்களே, அந்த இடத்தை இன்று டாக்டர் படத்தில் காட்டினார்.

சிறுகுடலின் உட்புறம் குளியல் துண்டு மாதிரி இருக்கிறது. முழுக்க நுண்ணிய விரல்கள். சாப்பாட்டின் சத்தை உறிஞ்சி ரத்தத்தில் சேர்ப்பது அவைதானாம். என் துண்டு தேய்ந்து வழவழவென்று கிடக்கிறது. கோதுமை எனக்கு ஆகாததால் வந்த வினை. நான் இளைக்க இளைக்க நீங்கள் நம் பேக்கரியிலிருந்து கோதுமை மாவு பன் கொண்டுவந்தீர்கள். நானும் ரசித்துத்தான் தின்றேன். கோதுமையை நிறுத்தினால் விரல்கள் திரும்ப முளைக்குமாம். நகம் மாதிரியா, புல் மாதிரியா என்று கேட்டேன். சிரித்துவிட்டார்.

பேக்கரிக்கு மேலேயே நம் வீடு, எங்கும் மாவு பறக்கும் என்பதால்தான் நான் சித்தி வீட்டுக்கு வந்து தங்கியிருக்கிறேன். நேற்று நீங்கள் அதற்கு எதிரே நெடுநேரம் நின்று கையாட்டிவிட்டுத் திரும்பிவிட்டீர்கள். சட்டையில் மாவு, அதனால்தான் உள்ளே வரவில்லை என்று சித்தியிடம் போனில் சொன்னீர்களாம். அதையும் டாக்டரிடம் கேட்டேன். "தொட்டா ஒண்ணும் ஆகாதும்மா, வயித்துக்குள்ள போனாத்தான்" என்றார்.

அடுத்த முறை தெருவைக் கடந்து வாருங்கள். மாவோடு வந்தாலும் சரி. கட்டிக்கொண்ட பிறகு நான் கை கழுவிக்கொள்கிறேன்.

இன்னும் கொஞ்ச நாளைக்கு மட்டும்,
உங்கள் ஒல்லிக்குச்சி