டோக்கன் எண் பதினேழும் உன் புதிய தோள்பையும்

அன்புள்ள சுண்டெலிக்கு,

சித்தப்பா எழுதுவது. இங்கே என் இடது முழங்காலைத் தவிர மற்ற எல்லோரும் சுகம், அங்கே நீ இரண்டு முழங்கால்களோடும் சுகமாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தில் நான் சொல்லப்போகும் கதையை உலகத்தில் ஒரு ஜீவனும் நம்பாது என்று என் மூக்குக்கண்ணாடிக் கூட்டின் மேல் வலது கையை வைத்து இப்போதே சத்தியம் செய்துவிடுகிறேன். நீயும் நம்ப வேண்டாம், ஆனால் நடுவில் நிறுத்தாமல் படி. மதிய இடைவேளையில் என் கவுண்டரில் உட்கார்ந்தே எழுதுகிறேன், நாலு மணிக்குப் பார்சல் வண்டி கிளம்பும், அதை விட்டால் பை திங்கட்கிழமைக்குள் உன் கைக்கு வராது, அதனால் எழுத்து கோணல்மாணலாக இருந்தால் அது அவசரத்தின் குற்றம், என் குற்றமில்லை.

போன வாரம் நீ தொலைபேசியில் சொன்னதிலிருந்து எனக்கு ரத்தம் கொதிக்கிறது, உன் சித்தி அதற்கு ரத்த அழுத்தம் என்று பெயர் வைத்து மாத்திரை கொடுக்கிறாள். தீத்தடுப்பு ஆய்வாளர் என்று கழுத்தில் அட்டை தொங்க, ஒரு தொழிற்சாலையையே இழுத்து மூடும் அதிகாரத்தோடு நீ போய் நிற்கிறாய், வாயிற்காவலர் உன் முதுகில் தொங்கிய கல்லூரிக் காலத்துப் பையைப் பார்த்துவிட்டு 'பார்சல்னா பின்பக்கம் போம்மா' என்றாராமே. நீயும் சமர்த்தாகப் பின்பக்கம் போய், அங்கே அவசர வழியைப் பூட்டி அதன் முன்னால் அட்டைப்பெட்டி அடுக்கியிருந்ததைக் கண்டுபிடித்து அவர்களுக்கு நோட்டீஸ் கொடுத்தாய் என்பது வேறு விஷயம், அந்த இடத்தைச் சித்தி இதுவரை ஒன்பது பேரிடம் சொல்லிவிட்டாள். ஆனாலும் வருகிற திங்கட்கிழமை நீ முதல்முறையாகத் தலைமை தாங்கிப் போகும் ஆய்வு, பன்னிரண்டு மாடி மருத்துவமனை, உன்னைவிட மூத்தவர்கள் இரண்டு பேர் உனக்குக் கீழே வரப்போகிறார்கள், அங்கேயும் யாராவது உன்னைப் பின்பக்கம் அனுப்பினால் இந்த வம்சத்தின் கதி என்ன. 'பாத்த உடனே கேட்டைத் திறக்கிற மாதிரி ஒரு பை வேணும் சித்தப்பா, நீங்களே பாத்து வாங்கி அனுப்புங்க, உங்களைவிட பையைப் பத்தித் தெரிஞ்சவங்க யாரு' என்று நீ சொன்னபோது என் மார்பு விரிந்ததில் சட்டையின் இரண்டாவது பொத்தான் தெறித்துப் போய் எதிர்வீட்டு ஜன்னலை உடைத்தது.

நீ சொன்னது வெறும் முகஸ்துதி இல்லை. ரயில் நிலையத்தின் தொலைந்த பொருள் அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடம், ஒரு கோடி பைகளைத் தடவிப் பார்த்த கை இது. எந்தப் பை தொலையும், எது தொலையாது என்று நாடி பிடித்துச் சொல்வேன். தோளை அறுக்கிற பையை மனிதன் பக்கத்து இருக்கையில் கழற்றி வைப்பான், வைத்தால் மறப்பான். கறுப்புப் பை வாங்கினால் இன்னொருவன் எடுத்துக்கொண்டு போவான், என் அலமாரியில் இந்த நிமிஷம் அறுபத்தேழு கறுப்புப் பைகள் ஒரே பிரசவத்தில் பிறந்த மாதிரி உட்கார்ந்திருக்கின்றன. ஆகவே கடைக்குப் போகும்போதே உன் லேப்டாப்புக்குப் பதிலாகச் சித்தியின் காய் நறுக்கும் பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனேன், அளவு நூல் பிடித்த மாதிரி ஒன்றுதான். முந்நூற்றுப் பன்னிரண்டு பைகளில் அதைச் செருகிச் செருகி எடுத்தேன். கடைக்காரர் பொறுமைசாலி, 'இது எந்த கம்பெனி லேப்டாப் சார்' என்று மட்டும் கேட்டார், வெங்காய வாசனை வருதே தெரியலையா என்றேன், அதற்குப் பிறகு அவர் பைகளை மட்டும் எடுத்து எடுத்து வைத்தார்.

கடைசியில் கிடைத்தது ராஜா வீட்டுப் பை. கருஞ்சாம்பல் கான்வாஸ், தண்ணீர் தெளித்தால் முத்து முத்தாக உருண்டு ஓடுகிறது, ஓரமெல்லாம் பழுப்புத் தோல். மேல்மூடியில் இரண்டு பக்கிள் இருக்கும், அவை பார்வைக்கு மட்டும், அடியில் காந்தம் இருக்கிறது, கூட்டத்தின் நடுவே நீ திறந்தால் மரியாதையாக ஒரு 'டக்', அவ்வளவுதான், வெல்க்ரோ ஒட்டுப்பட்டை மாதிரிப் பிய்த்துக்கொண்டு கத்தாது. உள்ளே லேப்டாப்புக்கு மெத்தை வைத்த அறை, கோப்பு மடங்காமல் நிற்க ஓர் அறை, முன்பக்கம் உன் அளவு டேப்பும் டார்ச்சும் நிற்க இடம், பின்பக்கம் அடையாள அட்டையைச் செருக ஒரு பிளவு. தோள்வார் மூன்று விரல் அகலம். எல்லாவற்றுக்கும் மேலே அடிப்பாகம் விறைப்பு, தரையில் வைத்தால் சாயாமல் நிற்கும். அந்த நிற்கும் குணம்தான் பின்னால் என்னைக் கவிழ்த்தது.

வாங்கியதை அப்படியே அனுப்புவது என் தொழிலுக்கு அழகா. பலகை, ஒரு கிலோ வெங்காயம், இஸ்திரிப்பெட்டி மூன்றையும் உள்ளே போட்டு, மூன்று நாள் நானே மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்ச் சோதித்தேன். சுண்டெலி, அந்தப் பையை மாட்டிய பிறகு எனக்குக் கிடைத்த மரியாதையை என்னவென்று சொல்வேன். ரயிலில் எழுந்து இடம் விட்டார்கள். ஒரு அம்மாள் 'டாக்டர், இந்த மாத்திரையை சாப்பாட்டுக்கு முன்னாடி போடணுமா பின்னாடியா' என்று கேட்டார், நடுவில் என்றேன். டிக்கெட் பரிசோதகர் தன்னுடைய டிக்கெட்டை எடுத்து என்னிடம் காட்டினார். இன்று காலை பெட்டி முழுக்கக் கேட்கும்படி, அஞ்சு கிலோ சுமை சார், தோளில் பஞ்சு மாதிரி இருக்கு, ஒன்றுமே தெரியவில்லை என்று பிரசங்கம் செய்துகொண்டே வந்தேன். இறங்கும் இடம் வந்தது. பக்கத்தில் கம்பீரமாக நிமிர்ந்து நின்றது பை. யாரோ பெரிய மனிதர் என்று நினைத்து, வரேங்க என்று தலையசைத்துவிட்டு இறங்கிவிட்டேன்.

பத்தே முக்காலுக்குத் துப்புரவுக் குழுவினர் வழக்கம்போலப் பொருள்களைக் கொண்டுவந்து கொட்டினார்கள். குடைகளுக்கு நடுவே நம் பை நின்றுகொண்டிருந்தது. அடடா என்று கையை நீட்டினேன், முத்திரை அடிக்கோலால் என் கையில் ஒன்று வைத்தாள். முத்திரை யார் என்று உனக்குத் தெரியும், ஒன்பது வருடமாகப் பக்கத்து நாற்காலி, அவள் முத்திரை குத்தினால் மூன்றாம் மாடியில் தேநீர்க் கோப்பை குலுங்கும், பெயர் வந்தது அதனால்தான். 'சார், க்யூ அந்தப் பக்கம்' என்றாள். விளையாடாதே என்றேன். சுவரைக் காட்டினாள். ஊழியரே ஆனாலும் பொது வரிசையில் நின்று, படிவம் நிரப்பி, உள்ளே இருக்கும் மூன்று பொருள்களைப் பார்க்காமல் சொல்ல வேண்டும், தவறினால் பதினைந்து நாள் காத்திருக்க வேண்டும், தொலைபேசியில் யாரிடமும் கேட்கக் கூடாது என்று சட்டம் போட்டு ஒட்டியிருந்தது. யார் போட்ட சட்டம். அடியில் இருந்த கையெழுத்து எவ்வளவு அழகாக இருந்தது தெரியுமா.

டோக்கன் எண் பதினேழு. எனக்கு முன்னால் முந்நூறு பேர். குடைப்பிடியின் நிறம் சரியாகச் சொல்லவில்லை என்று நான் மூன்று தடவை திருப்பி அனுப்பினேனே ஒரு வக்கீல், அவர் பதினாறு. 'வாங்க சார், வெளிப்பக்கம் இருந்து பாத்தா நம்ம கவுண்டர் எப்படி இருக்கு' என்று கேட்டார், அவ்வளவு சந்தோஷத்தை ஒரு மனித முகத்தில் நான் பார்த்ததில்லை. என் முறை வந்தது. முத்திரை படிவத்தை மேலிருந்து கீழே படித்தாள், ஓரிடத்தில் நின்றாள், கண்ணாடிக்கு மேலாக என்னை ஒரு பார்வை பார்த்தாள், பிறகு 'மூணு பொருள் சொல்லுங்க' என்றாள். நான் தொண்டையைச் செருமி, நறுக்கும் பலகை, வெங்காயம், இஸ்திரிப்பெட்டி என்று முழங்கினேன். வரிசை சிரித்தது. பையைத் திறந்தாள். 'மூணும் தப்பு சார்' என்றாள். பூமி பிளக்கவில்லை, அதுதான் ஆச்சரியம். பதினைந்து நாள் என்றால் உன் திங்கட்கிழமை போச்சு, நீ மறுபடியும் அந்த முதுகுப்பையோடு போய் மருத்துவமனையின் பின்பக்கம் நிற்பாய், அதற்குக் காரணம் என் கையெழுத்து. முத்திரைக்கும் முகம் வாடிவிட்டது, ஆனால் என்னிடம் வேலை கற்றவள், அசையவில்லை.

அப்போது வந்தாள் உன் சித்தி. பையின் பெருமையில் நான் சாப்பாட்டு டப்பாவை மேஜையிலேயே விட்டு வந்திருக்கிறேன். கவுண்டருக்கு இந்தப் பக்கம் என்னைப் பார்த்து, 'என்னங்க, வேலையை விட்டுத் தூக்கிட்டாங்களா' என்றாள். முத்திரை அவளிடம், 'அக்கா, நீங்க எதுவும் கேக்காதீங்க, இந்தப் பைக்குள்ள என்ன இருக்கு, அதை மட்டும் சொல்லுங்க' என்றாள். சித்தி கண்ணைக்கூட இமைக்கவில்லை. 'நாலு நாளா தட்டைக் கவுத்துப் போட்டு காய் நறுக்கிட்டிருக்கேன், நேத்து சாயங்காலம் என் சாமானையெல்லாம் வெளியே எடுத்துட்டேன். ரெண்டு ஜோடி கம்பளி சாக்ஸ் இருக்கும், ஒரு டப்பா சேப்டி பின் இருக்கும், நான் அவளுக்கு எழுதின சீட்டு இருக்கும்' என்றாள். சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று முத்திரை கேட்டாள், அதுவும் சட்டம்தான். 'சித்தப்பா இந்தப் பையைப் பத்தி ஒரு கதை எழுதுவாரு, பாதியை நம்பாதே, மீதியைப் படிக்காதேன்னு எழுதியிருக்கேன்' என்றாள். வக்கீல் கைதட்டினார். ஆக, இன்று காலை நான் பெட்டி முழுக்கப் பிரசங்கம் செய்த அந்த அஞ்சு கிலோ சுமை, இரண்டு ஜோடி சாக்ஸ்.

முத்திரை ஓங்கிக் குத்தினாள், மூன்றாம் மாடியில் கோப்பை உடைந்தது, பை கைக்கு வந்தது. வாரைக் குறுக்காக மாட்டு, ஒரே தோளில் தொங்கவிடாதே. தண்ணீர் பாட்டிலை லேப்டாப்போடு படுக்க வைக்காதே. பை நன்றாக நிற்கிறது என்று பக்கத்தில் நிற்க வைத்துவிட்டுப் போய்விடாதே, நம் குடும்பத்துக்கு அது ஆகாது. காலையில் ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போ, ஞாயிற்றுக்கிழமை சித்திக்குப் பேசு, அவள் கேட்கவில்லை என்பாள், போனை மடியில் வைத்துக்கொண்டுதான் இருப்பாள். திங்கட்கிழமை முன்வாசல் வழியாக நிமிர்ந்து போ, உனக்கு எல்லாக் கதவும் திறக்கட்டும், அவசர வழியும் சேர்த்து.

சித்தியின் சீட்டுப்படி நீ இதில் எதையும் நம்ப வேண்டியதில்லை. முந்நூறு பேர் என்பது நான்கு பேராக இருக்கலாம், கோப்பை உடையாமல் இருந்திருக்கலாம், டிக்கெட் பரிசோதகர் என் டிக்கெட்டைத்தான் பார்த்திருக்கலாம். ஒரு சின்ன விஷயம் மட்டும் நிஜம். அந்தப் படிவத்தின் ஐந்தாவது வரி, பொருளின் உரிமையாளர் உமக்கு என்ன உறவு என்று கேட்கும். அண்ணனும் அண்ணியும் போன பிறகு ஆறு வயதில் உன்னைவிடப் பெரிய பை ஒன்றை இழுத்துக்கொண்டு நீ எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து, உன் பள்ளிக்கூடம், கல்லூரி, விடுதி என்று எல்லாப் படிவத்திலும் காப்பாளர் என்ற கோட்டில் கையெழுத்துப் போட்டே பழகிய கை, இன்று அவசரத்தில் அங்கே மகள் என்று எழுதிவிட்டது. அப்புறம் பார்த்தேன், அடித்துத் திருத்தவில்லை. முத்திரை நின்று பார்த்த இடம் அதுதான். தவறான தகவல் என்று அவள் படிவத்தையே கிழித்துப் போட்டிருக்கலாம், அந்தச் சட்டமும் நான் போட்டதுதான். அவள் சரியாக அந்த வரியின் மேலேயே குத்தினாள். நம்பவில்லை என்றால் உள் ஜிப் அறையில் கையை விட்டுப் பார், கார்பன் நகல் இருக்கிறது.

இப்படிக்கு,
டோக்கன் எண் பதினேழு,
உன் சித்தப்பா