காலித் தொட்டியில் சேகர்

ஆடி 5, ஞாயிறு

ரயில்வே ஸ்டேஷன் பக்கத்துப் பழைய தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்டுவதுதான் இப்போது என் வேலை. மேலே ஏறியதும், காலித் தொட்டிக்குள் அவரவர் பெயரைக் கத்தச் சொல்வேன். எதிரொலி கேட்டுச் சிரிப்பார்கள்.

இன்று சேகரின் அம்மா வந்தார். உள்ளே குனிந்து, "சேகரு, மேல வாடா" என்று கூப்பிட்டார். தோல் ஃபேக்டரியில் நான் சூப்பர்வைசராக இருந்தபோது கழிவுத் தொட்டிக்குள் இறங்கிச் செத்தவன் அவன்.

என்னிடம் திரும்பினார்.

"நீங்க கூப்புடுங்க சார். நீங்க சொன்னா கேப்பான். அன்னிக்கிக் கேட்டானே."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேறு வழியில்லாமல் கூப்பிட்டேன். திரும்பி வந்தது என் குரல். "ஒண்ணும் ஆவாது, எறங்குடா" என்று அன்று சொன்ன அதே குரல்.