நேர்முகத் தேர்வில் மேலே எறியப்பட்ட கார் சாவி

அனுப்புநர்:
உதவிப் பேராசிரியை,
இயற்பியல் துறை.

பெறுநர்:
மாண்புமிகு துணைவேந்தர் அவர்கள்.

பொருள்: இணைப் பேராசிரியர் பதவி உயர்வு – நேர்முகத் தேர்வில் பதிலளிக்கவில்லை எனக் கூறி நிராகரித்தது – மறுதேர்வு கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இயற்பியல் பாடம் நடத்தி முடித்த பிறகும் அது ஏன் மாணவர் மண்டையில் ஏறுவதில்லை என்பதே என் ஆய்வு. ஆகவே இயற்பியல் துறை என்னைக் கல்வியியல் ஆள் என்கிறது. கல்வியியல் துறை இயற்பியல் ஆள் என்கிறது. பதவி உயர்வு தட்டிப்போவது இது மூன்றாம் முறை.

2. தேர்வுக் குழுத் தலைவரான மூத்த பேராசிரியர், "இதுல இயற்பியல் எங்கம்மா இருக்கு?" என்று வினவினார். விளக்கும் பொருட்டு, முதலாண்டு மாணவரிடம் நான் கேட்பதையே பணிவுடன் முன்வைத்தேன்: மேலே எறிந்த சாவி உச்சியில் ஒரு கணம் நிற்கும்போது அதன்மீது செயல்படும் விசை என்ன? காற்றை மறந்துவிடலாம் என்றும் சொன்னேன்.

3. தலைவர், "ஒண்ணுமே இல்ல, அதான் நிக்குது" என்றார். வெளியிலிருந்து வந்த நிபுணர், கை தந்த விசையும் புவியீர்ப்பும் அங்கே சமமாகிவிடும் என்றார். மூன்றாம் உறுப்பினர், ஏறும்போதும் உச்சியிலும் இறங்கும்போதும் புவியீர்ப்பு மட்டுமே என்றார். அதுவே சரி. வயதில் இளையவர் என்பதால் எடுபடவில்லை.

4. நிபுணர் தம் கார் சாவியை எறிந்து காட்டினார். "இன்னும் உயரமா போடுங்க சார், ஒண்ணும் தெரியல" என்று தலைவர் ஊக்கினார். சாவி அலமாரிக்குப் பின்னால் விழுந்தது. நால்வரும் சேர்ந்து அலமாரியை நகர்த்தினோம். நான் தள்ளிய பக்கம்தான் நகர்ந்தது. தேநீர் ஆறிப்போனது. அடுத்த விண்ணப்பதாரர் கதவைத் தட்டியதும் என்னைப் போகச் சொல்லிவிட்டனர்.

5. "விண்ணப்பதாரர் பதிலளிக்கவில்லை" என்று உத்தரவு வந்தது. என்னிடம் கேட்கப்பட்ட ஒரே கேள்வி, இதில் இயற்பியல் எங்கே என்பதுதான்; அதற்கான பதில் அந்த அறை முழுக்க நடந்துகொண்டிருந்ததை அவர்கள் கவனிக்கவில்லை. வீட்டில் என் மகள், "உன்னைக் கேட்டா நீ பதில்தானம்மா சொல்லணும்? நீ எதுக்குக் கேள்வி கேட்ட?" என்றாள். சிரித்து மழுப்பினேன்.

6. போன வாரம் அதே தலைவர் என் வகுப்புக்கு வந்து கடைசி பெஞ்சில் அமர்ந்தார். அதே சாவிக் கேள்வியை வைத்து மாணவர்கள் வாதாடிக்கொண்டிருந்தபோது நடுவில் எழுந்து, "விசையே இல்லன்னா அது அங்கயே தொங்கணுமே! ஏன் கீழ வருது?" என்று தம்மையே மறந்து கத்தினார். பிள்ளைகள் கைதட்டினர். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெளியே வந்ததும் என் உத்தரவைப் பற்றிக் கேட்டேன். "அது வேறம்மா, இது வேற" என்று கூறிச் சென்றுவிட்டார்.

ஆதலால் அவ்வுத்தரவை ரத்து செய்து, மீண்டும் ஒரு நேர்முகத் தேர்வுக்கு ஆணையிடுமாறு வேண்டுகிறேன். இம்முறை குழுவினரிடம் எக்கேள்வியும் கேட்க மாட்டேன் என உறுதியளிக்கிறேன். அவர்களாகவே ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டால் அதற்கு நான் பொறுப்பல்ல.

நாள்: உத்தரவு கிடைத்த மறுமாதம், முதல் திங்கட்கிழமை
இடம்: ஆய்வகத்தை ஒட்டிய என் அறை

தங்கள் ஆணைக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
உதவிப் பேராசிரியை, இயற்பியல் துறை